முழங்கால் இருந்தால் இமயம் போகலாம்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் உத்தராகண்டின் அல்மோரா மாவட்டத்தில், பின்சர் காட்டுக் கிராமங்கள் வழியாக ஜாகேஷ்வர் கோயில் வரை வழிகாட்டியோடு ஐந்தாறு நாள் நடப்பதைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். இரவில் கிராமத்து வீட்டில் தங்கல், பகலில் நான்கைந்து மணி நேர நடை, பெரிய மூட்டையைக் கொண்டுவர ஆளோ குதிரையோ வண்டியோ. கூடாரம், கயிறு, பனிக்கோடரி எதுவும் கிடையாது. அதற்கே கடிதங்கள் குவிந்துவிட்டன. பாதிப் பேர் 'எனக்கு வயசாகிவிட்டதே' என்கிறார்கள், மீதிப் பேர் 'இதெல்லாம் ஒரு டிரெக்கிங்கா' என்கிறார்கள். பள்ளிக்கூட மைதானத்தில் விசில் ஊதியே ஓய்வுபெற்ற பி.டி. டீச்சர் நான். மகள் அல்மோராவில் வேலை பார்ப்பதால் வருஷம் தவறாமல் அந்தப் பக்கம் போய் நடக்கிறேன். இரண்டு கட்சிக்கும் என்னால் பதில் சொல்ல முடியும்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, திருச்சி: டீச்சர், எனக்கு 61 வயது. லேசாக ரத்த அழுத்தம் உண்டு. இமயமலை என்றாலே மூச்சு முட்டும், ஆக்சிஜன் சிலிண்டர் வேண்டும் என்று பக்கத்து வீட்டில் பயமுறுத்துகிறார்கள். நான் வரலாமா?

பக்கத்து வீட்டுக்காரர்கள் ஊட்டிக்குப் போயிருக்கிறார்களா என்று கேளுங்கள். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். தொட்டபெட்டா 2,637. பின்சரில் நாம் ஏறப்போகும் ஆக உயரமான இடமான ஜீரோ பாயின்ட் 2,412 மீட்டர்தான். தொட்டபெட்டாவில் நின்று பஜ்ஜி சாப்பிட்டவருக்கு இங்கே ஒன்றும் ஆகாது. உயரத்தால் வருகிற தலைவலி, வாந்தி, மூச்சிரைப்பு எல்லாம் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேலே போய் இரவு தங்கும்போதுதான் ஆரம்பிக்கும். நாம் தங்கும் கிராமங்கள் எல்லாம் அதற்குக் கீழே.

மூச்சைப் பற்றிய கவலையை விடுங்கள், முழங்காலைக் கவனியுங்கள். இங்கே ஒரு கிராமம் இந்த மலைமுகட்டில் இருந்தால் அடுத்தது எதிர் முகட்டில் இருக்கும். கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் வீடு தெரியும். ஆனால் அங்கே போக ஓடை வரைக்கும் இறங்கி, மறுபடி ஏற வேண்டும். ஏறுவதில் கவலையில்லை, வேண்டிய இடத்தில் நின்று நின்று போகலாம். இறங்கும்போதுதான் உடம்பின் பாரத்தை ஒவ்வோர் அடியிலும் தொடைத் தசை பிடித்து நிறுத்துகிறது. நீண்டுகொண்டே பாரம் தாங்குவதால் அந்தத் தசை நுணுக்கமாகப் புண்படுகிறது. வலி அன்றைக்குத் தெரியாது, மறுநாளும் அதற்கு மறுநாளும்தான் வரும். முதல் நாள் துள்ளிக் குதித்து இறங்கிய பலர் மூன்றாம் நாள் காலை கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பது இதனால்தான்.

உங்களுக்கு ஊரிலேயே மலைக்கோட்டை இருக்கிறது. புறப்படுவதற்கு இரண்டு மாதம் முன்பிருந்து வாரத்துக்கு மூன்று நாள் ஏறி இறங்குங்கள். ஏறுவதை எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். இறங்குவதை மட்டும் நான் சொல்கிறபடி செய்யுங்கள்: சின்ன அடி, முழங்கால் லேசாக மடங்கியபடி, பாதம் முழுவதும் பதிய வேண்டும். பேசிக்கொண்டே இறங்கக் கூடாது. கடைசி இரண்டு வாரம் தண்ணீர் பாட்டில் போட்ட பையையும் மாட்டிக்கொள்ளுங்கள். ரத்த அழுத்தத்துக்கு உங்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டு வாருங்கள். மாத்திரை, குதிரை முதுகில் போகிற பெரிய பையில் இருக்கக் கூடாது. உங்கள் தோள்பையில் இருக்க வேண்டும்.

மென்பொருள் நிறுவன ஊழியர், சென்னை: உச்சி இல்லை, பனி இல்லை, கூடாரம் இல்லை. இதற்கு எதற்கு டிரெக்கிங் என்று பெயர்?

பெயர் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், நடை என்றே வைத்துக்கொள்வோம். நீங்கள் மூச்சு வாங்கி நிற்கிற ஏற்றத்தில், முதுகு மறைய ஓக் தழைக் கட்டு சுமந்துகொண்டு ஒரு பாட்டி உங்களைத் தாண்டிப் போவார். அவரிடம் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.

வங்கி ஊழியர், கோவை: ஒரு நாளைக்கு 10 கிலோமீட்டர் என்று போட்டிருக்கிறார்கள். திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலத்தை மூன்றரை மணி நேரத்தில் முடிப்பவன் நான். காலையிலேயே ஊர் போய்ச் சேர்ந்துவிட்டால் மீதி நாள் என்ன செய்வது?

கிரிவலப் பாதை ஏறக்குறைய சமதளம், தார் ரோடு. மலையில் கிலோமீட்டரை மட்டும் பார்த்தால் கணக்கு தப்பும். ஸ்காட்லாந்தில் நெய்ஸ்மித் என்ற மலையேறி 1892-ல் சொன்ன ஒரு விதி இன்றைக்கும் உபயோகப்படுகிறது. 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி, அதோடு ஏறுகிற ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி. பத்து கிலோமீட்டரில் 600 மீட்டர் ஏற்றம் இருந்தால் மூன்று மணி ஆகிறது. இது நிற்காமல் நடக்கிற, பழகிய ஆளுக்கு. புதியவர்கள் பாதி நேரம் கூட்டிக்கொள்ளலாம். டீ, போட்டோ, ஷூவில் விழுந்த கல், 'அது என்ன பறவை' என்று இன்னும் கொஞ்சம் போகும். மதியச் சாப்பாட்டு நேரத்துக்குச் சற்றுப் பின்னால் ஊர் சேர்வீர்கள்.

அதனால் அமைப்பாளரிடம் தூரத்தைக் கேட்கும்போதே ஒவ்வொரு நாளும் எத்தனை மீட்டர் ஏற்றம், எத்தனை மீட்டர் இறக்கம் என்றும் கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவர் அந்த வழியில் நடந்ததில்லை என்று அர்த்தம். வழிகாட்டியிடம் வழியில் கேட்காதீர்கள். அவருக்கு எல்லா ஊரும் 'இதோ, அந்தத் திருப்பம்'தான்.

இல்லத்தரசி, மதுரை: நாங்கள் சைவம். கணவருக்கு மூன்று வேளையும் சோறு வேண்டும். அங்கே சப்பாத்திதான் என்கிறார்களே?

கவலையே வேண்டாம். அல்மோரா இருக்கிற குமாவுன் மலைப்பகுதியில் மதியம் சோறு, இரவு ரொட்டி என்பதுதான் பெரும்பாலான வீட்டு வழக்கம். முன்கூட்டிச் சொன்னால் இரவிலும் கொஞ்சம் சோறு வைத்துவிடுவார்கள். சமையலும் பெரும்பாலும் சைவம்தான். உங்கள் வீட்டு மளிகைச் சாமான் பட்டியல் பாதி அங்கே வேறு பெயரில் இருக்கிறது. மடுவா என்பார்கள், நம் கேழ்வரகு. அதில் கனமான ரொட்டி சுட்டு நடுவில் நெய் வைப்பார்கள். ஜங்கோரா என்பது குதிரைவாலி, அதில் பாயசம். கஹத் என்பது கொள்ளு, குளிர் மாதங்களில் அநேகமாக எல்லா வீட்டிலும் கொள்ளுப் பருப்பு. ஜோலி என்று மோரைக் காய்ச்சி ஊற்றுவார்கள், உங்கள் கணவர் அதை மோர்க்குழம்பு என்றே நினைத்துச் சாப்பிட்டுவிடுவார். புதிதாக இருக்கப்போவது பட் என்கிற கறுப்பு சோயா. அதை வறுத்து, இரும்புச் சட்டியில் கொதிக்க வைத்துக் கறுப்பாக ஒரு குழம்பு செய்வார்கள். பார்க்க ஒரு மாதிரி இருக்கும், சோற்றோடு பிரமாதம்.

வெள்ளரிக்காய்த் தயிர்ப்பச்சடியில் மட்டும் ஜாக்கிரதை. மலை வெள்ளரி நம் சுரைக்காய் பருமனில் பழுப்புத் தோலோடு இருக்கும். அதைத் துருவிப் பிழிந்து, மஞ்சளும் பச்சை மிளகாயும் போட்டு, பச்சைக் கடுகை அரைத்துத் தயிரில் கலப்பார்கள். ஒரு மணி நேரம் ஊறிய பிறகு முதல் கவளம் நேராக மூக்குக்குப் போகும். கண்ணில் தண்ணீர் வந்ததைப் பார்த்து அந்த வீட்டுப் பெண்கள் வாய் பொத்திச் சிரிப்பார்கள், கோபித்துக்கொள்ளக் கூடாது.

குளிர்காலத்தில் போனால் மதிய வெயிலில் முற்றத்தில் உட்கார்ந்து இன்னொன்று செய்வார்கள். தலையணை போலத் தடித்த தோலுள்ள பெரிய எலுமிச்சையை உரித்துச் சுளை சுளையாகப் பிய்த்து, முள்ளங்கி, தயிர், கொஞ்சம் வெல்லம் போட்டு, வறுத்து அரைத்த கஞ்சா விதையும் பச்சை மிளகாயும் உப்பும் சேர்த்துக் கையால் பிசைவார்கள். அலற வேண்டாம், அந்த விதையில் போதை கிடையாது. எள்ளுக்கு இருக்கிற மாதிரி ஒரு வாசனைதான்.

அஞ்சல் துறை ஊழியர், தூத்துக்குடி: இந்தி ஒரு வார்த்தை தெரியாது. சமாளிக்க முடியுமா?

முடியும். வழிகாட்டிகளில் கொஞ்சம் ஆங்கிலம் பேசுகிறவர்கள் உண்டு, பதிவு செய்யும்போதே கேட்டு வாங்குங்கள். வீட்டில் வயதில் பெரிய பெண்ணை தீதி என்றும், ஆணை தாஜ்யூ என்றும் கூப்பிடுங்கள். அக்கா, அண்ணன் என்று கூப்பிட்டவரை எந்த ஊரிலும் பட்டினி போட மாட்டார்கள். தட்டில் ரொட்டி விழுந்துகொண்டே இருந்தால் தட்டின் மேல் கையை விரியுங்கள். அதுவும் உடனே செய்ய வேண்டும், யோசித்தால் இன்னொன்று விழுந்திருக்கும்.

கல்லூரி விரிவுரையாளர், சேலம்: எந்த மாதம் போகலாம்? பனிச்சிகரங்கள் நிச்சயம் தெரியுமா?

நிச்சயம் என்று யாராவது சொன்னால் அவரிடம் பணம் கட்டாதீர்கள். வாய்ப்பு அதிகம் உள்ள காலம் அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் கடைசி வரை. மழை முடிந்து காற்று கழுவி விட்டதுபோல் இருக்கும். அதிகாலையில் ஜீரோ பாயின்டில் நின்றால் மேற்கே சௌகம்பாவில் ஆரம்பித்து, திரிசூல் (7,120 மீட்டர்), நந்தா தேவி (7,816), நந்தா கோட், கிழக்கே பஞ்சசூலி வரை ஒரே வரிசையாக நிற்கும். நந்தா தேவி அங்கே வெறும் சிகரம் இல்லை, அந்த மலை மக்கள் தங்கள் வீட்டுப் பெண்ணாகக் கொண்டாடுகிற தெய்வம். பத்து மணிக்கு மேல் மேகம் ஏறிவிடும். ஆகவே தூக்கம் முக்கியமா சிகரம் முக்கியமா என்று முந்தின இரவே முடிவு செய்துகொள்ளுங்கள்.

மார்ச், ஏப்ரலும் நல்ல காலம். அப்போது புராஞ்ச் பூத்து மலைச்சரிவெல்லாம் சிவப்பாக இருக்கும். உத்தராகண்டின் மாநில மரம் அது. நீலகிரிச் சோலைகளில் காட்டுப் பூவரசு என்கிறோமே, அதன் நெருங்கிய சொந்தம். பூவைப் பிழிந்து சர்பத் போட்டுத் தருவார்கள்.

மே, ஜூனில் சிகரம் தெரிவது சந்தேகம், புழுதியும் புகையும் மறைக்கும். அது காட்டுத்தீ காலமும்கூட. சீர் பைன் மரத்தின் ஊசி இலைகள் காய்ந்து தரை முழுவதும் மெத்தையாகக் கிடக்கும், ஒரு பீடித் துண்டு போதும். 2024 ஜூனில் பின்சரில் தீயை அணைக்கப் போன வனத்துறைப் பணியாளர்கள் உயிரிழந்தார்கள். எரியாத நாளிலும் அந்த ஊசி இலை வழுக்கும். சரிவில் அதன் மேல் குதிகாலை முதலில் வைத்தால் உட்கார்ந்த நிலையில்தான் கீழே போவீர்கள். ஜூலையிலிருந்து செப்டம்பர் நடுப்பகுதி வரை போகவே வேண்டாம். மண்சரிவு, மூடிய சாலை, அட்டை மூன்றும் சேர்ந்து வரும். டிசம்பர், ஜனவரியில் வானம் தெளிவாக இருக்கும், இரவு உறைநிலையைத் தொடும், சில நாள் பனியும் விழும். குளிர் தாங்குவேன் என்பவர்கள் போகலாம்.

பெயர் வேண்டாம், நாகர்கோவில்: பின்சர் சரணாலயத்தில் சிறுத்தை உண்டாமே?

உண்டு. அது அதன் வீடு, சரணாலயம் ஆன 1988 முதல் சட்டப்படியும். வேட்டைக்காரர் ஜிம் கார்பெட் 1910-ல் சுட்ட பனார் ஆட்கொல்லிச் சிறுத்தையும் இதே அல்மோரா மாவட்டத்தில் திரிந்ததுதான், நீங்கள் தேடிப் படித்துப் பயப்படும் முன் நானே சொல்லிவிடுகிறேன். இன்றைக்கு வழிகாட்டியோடு பகலில் கூட்டமாக நடப்பவர்கள் சிறுத்தையைப் பார்ப்பதே அபூர்வம். கறுப்பு முகக் குரங்கு, காட்டாடு, கேளையாடு இவைதான் கண்ணில் படும். இருட்டிய பிறகு வீட்டை விட்டுத் தனியாகப் போகாதீர்கள், கழிப்பறை முற்றத்துக்கு அந்தப் பக்கம் இருந்தால் டார்ச்சோடு இன்னொருவரையும் எழுப்புங்கள். ஊர்க்காரர்களும் அப்படித்தான் செய்கிறார்கள்.

நடக்கிறவரை அதிகம் படுத்துவது சிறுத்தை இல்லை, சிசூண் என்கிற செந்தட்டிச் செடி. பாதை ஓரம் முழுவதும் இருக்கும். பிடிப்புக்காக எந்தச் செடியையும் பார்க்காமல் பிடிக்காதீர்கள். அந்தச் செடியையே இடுக்கியால் பறித்து, வேகவைத்து, கீரையாக இரவு தட்டில் வைப்பார்கள். பழி வாங்கிய திருப்தியோடு சாப்பிடலாம்.

இளம்பெண், புதுச்சேரி: கேட்கக் கூச்சமாக இருக்கிறது. கழிப்பறை? மாதவிலக்கு நாளாக இருந்தால்?

கூச்சப்பட ஒன்றும் இல்லை, பாதிக் கடிதங்களில் இதுதான் கேள்வி. தங்கும் வீடுகளில் கழிப்பறை சுத்தமாகவே இருக்கிறது. வெந்நீர் வாளியில் வரும், அதுவும் விறகில் காய்ந்து வரும், ஒரு ஆளுக்கு ஒரு வாளி என்று நினைத்துக்கொள்ளுங்கள். நடக்கும் பாதையில் மரத்தின் மறைவுதான். நீரூற்றுக்கும் ஓடைக்கும் தள்ளிப் போங்கள். காகிதத்தையும் நாப்கினையும் கட்டிப் பையில் போட்டு அல்மோரா வரை கொண்டுவந்துவிட வேண்டும். கிராமத்தில் குப்பை வண்டி கிடையாது. விட்டுவிட்டு வந்தால் அந்த வீட்டுப் பெண்தான் கொளுத்துவார்.

அப்புறம், அடுப்படி. மலைக் கிராமங்களில் பல வீடுகளில் வெளியாட்கள் அடுப்படிக்குள் போவது வழக்கமில்லை. விலக்கு நாட்களில் வீட்டுப் பெண்களே உள்ளே போகாத குடும்பங்களும் இருக்கின்றன. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஆனாலும் ஒரு இரவு தங்க வந்த நான் அவர்கள் அடுப்பங்கரையில் சீர்திருத்தம் பேசப் போவதில்லை. வாசலில் நின்று 'வரலாமா' என்று கேளுங்கள். வரச் சொன்னால் செருப்பைக் கழற்றிவிட்டுப் போங்கள், அடுப்புச் சூட்டில் உட்கார்ந்து பேசுவதைவிட நல்ல மாலை கிடைக்காது. உங்கள் உடல்நிலையை யாருக்கும் அறிவிக்க வேண்டியதில்லை.

சிறு தொழில் செய்பவர், திருப்பூர்: இணையத்தில் நூறு பேர் விளம்பரம் செய்கிறார்கள். யாரை நம்புவது? என்ன செலவாகும்?

செலவு வருஷத்துக்கு வருஷம், ஆட்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப மாறுகிறது. அதனால் தொகையை விட அது எங்கே போகிறது என்று பாருங்கள். நான் தொலைபேசியில் கேட்கிற கேள்விகளைச் சொல்கிறேன்.

வழிகாட்டி எந்த ஊர்க்காரர்? 'எங்கள் டெல்லி டீம் லீடர்' என்று பதில் வந்தால் போனை வைத்துவிடுவேன். தலார், கோனாப், ரிசால், கட்தாரா, சாத்ரி என்று பின்சருக்குள்ளும் சுற்றியும் இருக்கிற கிராமங்களிலேயே வளர்ந்த வழிகாட்டிகள் கிடைக்கிறார்கள். பாதை அவர்களுக்குப் பள்ளிக்கூடம் போன பாதை. நீங்கள் நடக்க முடியாமல் உட்கார்ந்துவிட்டால் யார் வீட்டில் குதிரை இருக்கிறது என்று அவருக்குத் தெரியும், டெல்லிக்காரருக்குத் தெரியாது.

அடுத்து, கூட்டத்தில் எத்தனை பேர்? எட்டுப் பேருக்கு மேல் போனால் வாலில் இன்னொருவர் கட்டாயம் வேண்டும். புதிதாக நடப்பவர்கள் கடைசியில்தான் வருவார்கள், அவர்களோடு வருகிற ஆள்தான் முக்கியமான ஆள். முன்னால் போகிறவருக்கு என்ன, அவர் பாட்டுக்குப் போய்விடுவார்.

ஒவ்வொரு நாள் பாதையிலும் வண்டி வருகிற சாலை எவ்வளவு தூரம்? கால் பிசகினால் எந்த இடத்தில் இறங்கி 108 ஆம்புலன்ஸை வரச் சொல்வீர்கள்? இதற்கு யோசிக்காமல் பதில் வர வேண்டும். அல்மோராவுக்குக் கொண்டுபோய்விட்டால் மாவட்ட மருத்துவமனை இருக்கிறது.

தங்கும் வீட்டுக்கு ஒரு ஆளுக்கு எவ்வளவு கொடுக்கிறீர்கள்? இதைக் கேட்கப் பலருக்குக் கூச்சம். நான் கேட்பேன். நேர்மையான அமைப்பாளர் சொல்லிவிடுவார். சரணாலய நுழைவுக் கட்டணம், மூட்டைக்கூலி, ரயில் முடிகிற காட்கோடாமிலிருந்து வண்டி இதெல்லாம் உள்ளடக்கமா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ரொக்கம் அல்மோராவிலேயே எடுத்துவிடுங்கள், கிராமத்தில் ஏடிஎம் கிடையாது. போனில் பணம் அனுப்பலாம்தான், சிக்னல் முகட்டில் வரும், வீட்டு முற்றத்தில் வராது.

பி.காம். மாணவர், ஈரோடு: ஓடுவதற்கு வாங்கிய ஷூ போதுமா?

அடியில் பல் தேயாமல் இருந்தால் இந்த வழிக்குப் போதும். கணுக்கால் மூடிய பூட்ஸ் கட்டாயமில்லை. புதிதாக வாங்குவதென்றால் சாயங்காலம் கடைக்குப் போங்கள், அப்போதுதான் பாதம் லேசாக வீங்கி இருக்கும். தடித்த காலுறையோடு போட்டுப் பார்த்து, விரல் நுனிக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இறங்கும்போது விரல் முன்னே போய் மோதும், அதில் நகம் கறுத்தவர்கள் ஏராளம். நகத்தை வெட்டிவிட்டு வாருங்கள், இறக்கம் தொடங்குமுன் கயிற்றைக் கணுக்காலில் இறுக்கிக் கட்டுங்கள். குறைந்தது ஒரு மாதம் போட்டு நடந்த ஷூவாக இருக்க வேண்டும். ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் காயாது. கைத்தடி ஒன்று, முடிந்தால் இரண்டு.

ஆலய ஆர்வலர், கும்பகோணம்: ஜாகேஷ்வருக்கு காரிலேயே போகலாமே, எதற்கு நடக்க வேண்டும்?

போகலாம், கோயில் வாசல் வரை ரோடு இருக்கிறது. ஆனால் தௌல்சீனா பக்கமிருந்து காட்டு வழியாக வந்தால் முதலில் முகட்டில் விருத்த ஜாகேஷ்வர். அங்கே கும்பிட்டுவிட்டு தேவதாரு மரங்களுக்கு நடுவே இறங்க இறங்க, வெயில் குறைந்துகொண்டே வந்து, ஜடா கங்கை ஓடையின் சத்தம் கேட்டு, அப்புறம்தான் கல் சிகரங்கள் தெரியும். சிறிதும் பெரிதுமாக நூற்றுக்கு மேற்பட்ட கோயில்கள், பழையவை ஏழாம் நூற்றாண்டை ஒட்டியவை. சில சன்னதிகள் இடுப்பளவுதான். சிவன் ரிஷிகளின் செருக்கை அடக்கிய தாருகாவனத்தை உங்கள் ஊர்ப்பக்கத்தில் வழுவூரில் வைத்துச் சொல்வோம். அங்கே இந்த தேவதாருக் காடுதான் தாருகாவனம் என்று சாதிப்பார்கள். பதில் சொல்லாமல் தலையாட்டிவிட்டேன். அந்த மரங்களுக்குக் கீழே நின்றுகொண்டு வழுவூருக்காக வாதாடுவது கஷ்டம்.

அல்மோராவிலிருந்து வரும் வழியில் சிதை என்ற இடத்தில் கோலு தேவதை கோயிலையும் விட்டுவிடாதீர்கள். நீதி கேட்கிற கோயில். சொத்துத் தகராறு, வேலை, வரன், ஓடிப்போன மாடு எல்லாவற்றுக்கும் மனு எழுதித் தொங்கவிடுவார்கள், பலர் முத்திரைத்தாளிலேயே. காரியம் முடிந்தால் மணி கட்டுவார்கள். ஆயிரக்கணக்கில் மணிகள். விருத்தாசலம் பக்கம் கொளஞ்சியப்பருக்குப் பிராது கட்டுகிறவர்களுக்கு ஒன்றும் விளக்க வேண்டியிருக்காது.

மூத்த குடிமகன், வேலூர்: சென்னையிலிருந்து எப்படிப் போவது? எனக்கு மலைப்பாதையில் வாந்தி வரும்.

டெல்லி வரை ரயிலோ விமானமோ. அங்கிருந்து காட்கோடாமுக்கு இரவு ரயிலும் உண்டு, காலையில் சதாப்தியும் உண்டு. தண்டவாளம் அங்கே முடிகிறது, மலை ஆரம்பிக்கிறது. அல்மோரா சுமார் 85 கிலோமீட்டர், காரில் மூன்று மணி நேரத்துக்கு மேல். உண்மையைச் சொன்னால் இந்தப் பயணத்திலேயே உடம்பைப் படுத்துகிற பகுதி இந்தக் கார்ப் பயணம்தான். முன் இருக்கையைக் கேட்டு வாங்குங்கள், போனைப் பார்க்காதீர்கள், வயிறு முட்டச் சாப்பிடாதீர்கள், வெறும் வயிற்றோடும் ஏறாதீர்கள். மாத்திரை போடுவதென்றால் வண்டி கிளம்புமுன் போட வேண்டும், வளைவில் போட்டுப் பயனில்லை. நடுவில் காக்ரிகாட்டில் இறங்கிக் காலாறலாம். 1890-ல் விவேகானந்தர் தியானம் செய்த இடம் அங்கே ஆற்றங்கரையில் இருக்கிறது.

முதுகலை மாணவி, திருநெல்வேலி: ஏழைக் கிராமங்களைப் பார்க்கப் பணம் கட்டிப் போவது சரியா?

இந்தக் கேள்விக்காகவே இந்த இதழை எழுதலாம். அல்மோரா மாவட்டத்தின் மக்கள்தொகை 2001-ல் சுமார் 6 லட்சத்து 30 ஆயிரம், 2011 கணக்கெடுப்பில் சுமார் 6 லட்சத்து 22 ஆயிரம். நாடே பெருகிய பத்து வருஷத்தில் இது குறைந்திருக்கிறது. அதே கணக்கெடுப்பில் அங்கே ஆயிரம் ஆண்களுக்கு 1,139 பெண்கள். ஆண்கள் டெல்லிக்கும் ஹல்த்வானிக்கும் ராணுவத்துக்கும் போய்விட்டார்கள், நிலத்தையும் மாட்டையும் பெண்கள் பார்க்கிறார்கள். நடந்து போகும்போது கல் வீடுகளில் பூட்டுத் தொங்குவதைப் பார்ப்பீர்கள். செதுக்கிய மரக் கதவு, கற்பலகைக் கூரை, கீழே மாட்டுக்கான அறை, எல்லாம் அப்படியே இருக்கும், கூரையின் ஒரு மூலை மட்டும் உள்ளே விழுந்திருக்கும். மிச்சம் இருக்கிற வயலில் காட்டுப்பன்றியும் குரங்கும் வரி வசூலிக்கின்றன.

அந்த ஊரில் ஒரு அறையைச் சுத்தம் செய்து, மெத்தை போட்டு, உங்களுக்குக் கொள்ளுப் பருப்பு பரிமாறுகிற குடும்பம் காட்சிப்பொருள் ஆவதற்காக அதைச் செய்யவில்லை, தொழில் செய்கிறது. விருந்தாளியாக நடந்துகொண்டு, கேட்ட பணத்தைப் பேரம் பேசாமல் கொடுத்தால் அது சரியான காரியம். கேட்காமல் முகத்துக்கு நேரே கேமராவைத் தூக்கினால் சரியில்லை.

நௌலா என்று கல்லால் கட்டிய ஊற்றுத் தொட்டிகள் வழியில் வரும். பார்க்கச் சின்னக் கோயில் மாதிரி கூரை போட்டு, உள்ளே படிப்படியாகக் குறுகி இறங்கும். ஓக் காடு இருக்கிற பக்கம் அதில் தண்ணீர் இருக்கும், பைன் பரவிய பக்கம் பல நௌலா வற்றிவிட்டது. செருப்புக் காலோடு அதன் படியில் இறங்காதீர்கள், பாட்டிலை முக்காதீர்கள். பக்கத்தில் இருக்கிற சொம்பால் மொண்டு ஊற்றிக்கொள்ளுங்கள். குடிக்க மட்டும் வீட்டில் காய்ச்சிய தண்ணீர்.

இல்லத்தரசி, தஞ்சாவூர்: அங்கிருந்து என்ன வாங்கி வரலாம்?

அல்மோரா லாலா பஜாரில் பால் மிட்டாய். கோவாவைச் சுருங்க வறுத்துத் துண்டு போட்டு, மேலே வெள்ளைச் சர்க்கரை உருண்டைகளை ஒட்டியிருப்பார்கள். இலையைக் கூம்பாகச் சுருட்டி அதற்குள் வைத்துத் தருகிற சிங்கோரி அங்கேயே சாப்பிட வேண்டியது, ரயிலுக்குத் தாங்காது. செம்புச் சொம்பு, குடம் அங்கே கையால் தட்டிச் செய்கிறார்கள், கொஞ்சம் விலை அதிகம், நன்றாக உழைக்கும். கொள்ளும் கேழ்வரகும் வாங்கி வராதீர்கள் என்று சொன்னால் நீங்கள் கேட்கவா போகிறீர்கள்? பையின் எடையை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.